பாட்டு கேட்க ஒரு நல்ல ஹெட்ஃபோன்: கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் எழும் 'தொம்' என்ற ஆழமான ஒலி செல்போன் ஸ்பீக்கரில் அனேகமாக வராது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. வலந்தலையின் 'நம்', 'தின்' மட்டும் கேட்கும். பல வருடமாகப் போனிலேயே கச்சேரி கேட்டு வந்தவர் முதன்முறையாக ஒரு நல்ல ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால், இத்தனை நாளும் பாதி வாத்தியத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது முதல் ஆவர்த்தனத்திலேயே தெரிந்துவிடும். சினிமாப் பாட்டிலும் அப்படித்தான். பல்லவிக்கு அடியில் தனியாக ஒரு மெட்டு போட்டுக்கொண்டு போகும் பேஸ் கிட்டாரைப் பலர் கவனித்ததே இல்லை.

இதற்கு இருபதாயிரம், முப்பதாயிரம் செலவு செய்ய வேண்டியதில்லை. மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம் ரூபாய்க்குள் அந்தச் சந்தோஷம் கிடைக்கும். ஆனால் ஏமாற்றம் தரும் பொருள்கள் அதிகம் கிடப்பதும் இதே விலையில்தான். முதல்முறை வாங்குகிறவர்கள் எந்த வரிசையில் யோசித்தால் தவறாமல் வாங்கலாம் என்பதைச் சொல்கிறேன். காது முழுவதையும் மூடி உட்காரும் ஓவர்-இயர் வகையைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். காதின் மேல் அழுத்தி உட்காரும் ஆன்-இயர் வகை வேறு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் விவரத்தைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: பாட்டு எங்கிருந்து வருகிறது?

ஹெட்ஃபோன் வாங்குவதற்கு முன்னால் உங்கள் போனில் பாட்டு ஆப்பின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். டேட்டா மிச்சம் பிடிப்பதற்காக ஒலித்தரம் குறைந்த நிலையில் இருக்கலாம். ஸ்பாட்டிஃபையில் கட்டணச் சந்தா இருந்தால் இன்னும் உயர்ந்த தரத்துக்குப் போகலாம். யூடியூப் மியூசிக்கில் நொடிக்கு 256 கிலோபிட் வரை கிடைக்கும். இதை மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை. வாட்ஸாப்பில் சுற்றி வந்த, யாரோ எப்போதோ சுருக்கி வைத்த கோப்பைப் புதிய ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் குறை சொன்னால் நியாயமாகாது.

இன்னொன்று. ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் படப் பாடல்கள் மோனோவில் பதிவானவை. எல்லா ஒலியும் நடுத்தலையில் ஒரே இடத்தில் கேட்கும். ஹெட்ஃபோன் பழுதோ என்று பயப்பட வேண்டாம், பதிவே அப்படி.

இரண்டாம் படி: எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள்?

ஓவர்-இயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுதாக அடைத்திருந்தால் அது குளோஸ்டு-பேக். வெளிப்பக்கம் வலைபோலத் திறந்திருந்தால் ஓப்பன்-பேக். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 என்ற மாடலில் இந்தத் திறந்த அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. திறந்த வகையில் ஒலி தலைக்குள் அடைபடாமல் கொஞ்சம் வெளியே விரிந்து கேட்கும், காற்றோட்டமும் இருக்கும். கேட்பதற்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனாலும் முதல் ஹெட்ஃபோனாக அதைப் பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல மாட்டேன். காரணம், நம் வீட்டு மின்விசிறி.

வருடத்தில் பத்து மாதம் தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது. தெருவில் ஹாரன், அடுப்படியில் குக்கர் விசில், கூடத்தில் டிவி. ஓப்பன்-பேக்கில் இவை எல்லாம் தடையின்றி உள்ளே வரும். அவற்றை மீறிக் கேட்க நாம் ஒலியைக் கூட்டுவோம். காதுக்கு அது கெடுதல். நம் பாட்டும் அப்படியே வெளியே கசியும், பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்க முடியாது. இரவு பத்து மணிக்கு மேல் தனி அறையில் அமைதியாகக் கேட்கிறவர் என்றால் தாராளமாக ஓப்பன்-பேக் எடுங்கள். மற்றவர்கள் குளோஸ்டு-பேக் எடுப்பது நல்லது. இரண்டுக்கும் நடுவில் செமி-ஓப்பன் என்று ஒன்று உண்டு. கசிவு சற்றுக் குறைவு என்பதைத் தவிர, பயன்பாட்டில் அதையும் ஓப்பன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வயரா, புளூடூத்தா?

இங்கே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாட்டு கேட்பது மட்டுமே நோக்கம், கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது என்றால் வயர் வைத்ததை வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் பணம் புளூடூத் ஹெட்ஃபோனில் பேட்டரிக்கும், ரேடியோ சிப்புக்கும், மைக்குகளுக்கும், சார்ஜ் சர்க்யூட்டுக்கும் பிரிந்து போகிறது. வயர் ஹெட்ஃபோனில் அது டிரைவர், பஞ்சு, உடம்பு என்ற மூன்றுக்கும் போகிறது. டிரைவர் என்பது உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் வட்டு. பஞ்சு என்பது காதைச் சுற்றிப் பதியும் மெத்தை. ஆயுளிலும் வேறுபாடு பெரிது. புளூடூத் ஹெட்ஃபோனின் பேட்டரி சில வருடங்களில் சோர்ந்துவிடும், பல மாடல்களில் அதை மாற்றுவது சுலபமில்லை. வயர் ஹெட்ஃபோனுக்குப் பஞ்சு மாற்றினால் பத்து வருடம்கூட ஓடும்.

"என் போனில் ஜாக்கே இல்லையே" என்பீர்கள். 2016-இல் ஐபோன் 7-இலிருந்து ஆப்பிள் 3.5 மிமீ ஓட்டையை எடுத்துவிட்டது, பிறகு மற்றவர்களும் எடுத்தார்கள். டைப்-சி முனையில் செருகும் சின்ன அடாப்டர் போதும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டிஜிட்டல் சமிக்ஞையை ஹெட்ஃபோனை இயக்கும் அனலாக் சமிக்ஞையாக மாற்றும் டிஏசி சிப் அந்த அடாப்டருக்கு உள்ளே இருக்க வேண்டும். வெறும் கம்பி இணைப்பாக வரும் மலிவான அடாப்டர்கள் பல போன்களில் வேலையே செய்யாது. பெட்டியில் 'டிஏசி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கடையிலேயே உங்கள் போனில் செருகிக் கேளுங்கள்.

பேருந்திலும் ரயிலிலும் கேட்கிறவர்கள், நடந்துகொண்டே கேட்கிறவர்கள், வயர் சிக்கிக்கொள்வது பிடிக்காதவர்கள் புளூடூத் வாங்குவதில் தவறே இல்லை. அப்படி வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு கோடெக் என்று பெயர். எஸ்பிசி எல்லாவற்றிலும் இருக்கும். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டை மட்டுமே பேசும். அதனால் ஐபோன் வைத்திருப்பவர் எல்டிஏசி என்ற இன்னொரு கோடெக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு என்றால் எல்டிஏசி பயன்படும், நல்ல இணைப்பில் அது நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். லேப்டாப்பில் புளூடூத் ஹெட்ஃபோனின் மைக்கை இயக்கியதும் பாட்டு திடீரென்று பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். அது பழுதல்ல, பேச்சுக்கான தாழ்ந்த தரத்துக்கு இணைப்பு மாறுகிறது. மீட்டிங் முடிந்ததும் சரியாகிவிடும். கீபோர்டு வாசித்துப் பழகுகிறவர்களுக்குப் புளூடூத் வேண்டவே வேண்டாம். விரல் அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வரும், தாளம் பிடிபடாது.

வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ஏஎன்சி பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேன், ஏசி, பேருந்து எஞ்சின் போன்ற ஒரே சீரான 'ம்ம்ம்' ஒலியை அது நன்றாகக் குறைக்கும். பக்கத்து சீட்டுக்காரரின் பேச்சை அவ்வளவாகக் குறைக்காது. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

நான்காம் படி: உங்கள் காதை அளந்து பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. குளோஸ்டு-பேக் ஹெட்ஃபோனில் பேஸ் என்ற ஆழமான கீழ் ஒலி கிடைப்பது, பஞ்சு கன்னத்தோடும் தலையோடும் ஒட்டி உட்காருவதில்தான் இருக்கிறது. எங்காவது சின்ன இடைவெளி விழுந்தால் கீழ் ஒலி அதன் வழியே கசிந்து போய்விடும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடியின் கால் அந்த இடைவெளியை உண்டாக்கும். ஜிமிக்கியோ பெரிய தோடோ போட்டாலும் அப்படித்தான், அத்துடன் ஒரு மணி நேரத்தில் காது வலிக்க ஆரம்பித்துவிடும். பின்னந்தலையில் கொண்டை போட்டிருந்தால் தலைப் பட்டை சரியும். எனவே நீங்கள் தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே கண்ணாடி, தோடு, கொண்டையோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஒரு ஸ்கேல் எடுத்துக் காதின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சின் உள்வட்டம் அதைவிடக் கொஞ்சமாவது பெரியதாக இருந்தால்தான் காது உள்ளே அடங்கும். ஓவர்-இயர் என்று விற்கப்படும் பலவற்றில் உள்வட்டம் சிறியது, காதின் ஓரத்தை மிதிக்கும். எடை 250 கிராமுக்குள் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கலாம்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த விலையில் வரும் பஞ்சுகளின் மேலுறை பெரும்பாலும் செயற்கைத் தோல். ஈரப்பதமும் வியர்வையும் அதைச் சிதைக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இரண்டு மூன்று வருடத்தில் கறுப்புச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். அதனால் மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வெல்வெட் போன்ற துணி உறை குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் காற்றை அடைக்காததால் பேஸ் சற்றுக் குறையும்.

ஐந்தாம் படி: பெட்டியில் எழுதியிருப்பது

'5 முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். மனிதக் காது கேட்பதே ஏறக்குறைய 20 முதல் 20,000 வரை, வயது ஏற ஏற மேல் எல்லை குறைந்துகொண்டே வரும். எத்தனை ஹெர்ட்ஸ் வரை போகிறது என்பதைவிட, நடுவில் எது தூக்கலாக, எது அமுங்கலாக இருக்கிறது என்பதுதான் இசையின் குணத்தை முடிவு செய்கிறது, அதைப் பெட்டியில் எழுத மாட்டார்கள். 40 மிமீ டிரைவரைவிட 50 மிமீ உயர்ந்தது என்பதும் உண்மையில்லை. '7.1 சரவுண்ட்', வண்ண விளக்கு எல்லாம் வீடியோ கேமுக்கானவை, பாட்டுக்கு உதவாது.

பயன்படும் எண்கள் இரண்டே இரண்டு. மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். 16 முதல் 80 ஓம் வரை போனே ஓட்டிவிடும். 250 ஓம் என்று இருந்தால் போனில் ஒலி ஈனமாக வரும், தனி ஆம்ப்ளிஃபையர் கேட்கும். பையர்டைனமிக் டிடி 770 புரோ போன்ற சில மாடல்கள் ஒரே பெயரில் 80 ஓம், 250 ஓம் என்று வெவ்வேறாக விற்கின்றன. ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே என்று அவசரமாக அழுத்தி, கைக்கு வந்தது 250 ஓம் என்று பின்னால் தெரிந்துகொள்ள வேண்டாம். இரண்டாவது எண் உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது. ஒரு மில்லிவாட்டுக்கு 95 டெசிபலுக்கு மேல் இருந்தால் போதும்.

விலையே தரத்தின் அளவுகோல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்று 283 ஹெட்ஃபோன்களை அளந்து பார்த்தது. கீழ் ஒலியிலிருந்து மேல் ஒலி வரை எவ்வளவு சமமாகத் தருகின்றன என்பதற்கும் விற்பனை விலைக்கும் தொடர்பே காணப்படவில்லை. கூடுதல் விலைக்குக் கட்டுமானமும் வசதியும் கிடைக்கலாம். இசை கிடைக்குமா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆறாம் படி: எதையெல்லாம் கேட்டுப் பார்க்கலாம்?

விலைகள் தள்ளுபடிக் காலத்தில் ஏறி இறங்கும், அதனால் தொகை சொல்லாமல் குணத்தை மட்டும் சொல்கிறேன். புதியவருக்கு நான் முதலில் கைகாட்டுவது ஆடியோ-டெக்னிகா ஏடிஹெச்-எம்20எக்ஸ். குளோஸ்டு-பேக், 47 ஓம், 190 கிராம், எந்தப் போனிலும் ஓடும். மூன்று மீட்டர் வயர் நிலையாகப் பொருத்தியது, கழற்ற முடியாது. உள்வட்டம் சிறியது என்பதால் பெரிய காதுக்காரர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அதே வரிசையில் எம்40எக்ஸ் விலை கூடியது, வயரைக் கழற்றி மாற்றலாம், ஒலியும் இன்னும் சமமானது. பணம் சேர்த்து வாங்கலாம் என்று பொறுமை இருப்பவர்களுக்கு அது நல்ல இலக்கு.

ஏகேஜி கே72 இன்னொரு சிக்கனமான குளோஸ்டு-பேக். தலையில் வைத்ததும் பட்டை தானாக அளவு சரிசெய்துகொள்ளும். அதே நிறுவனத்தின் கே240 ஸ்டுடியோ செமி-ஓப்பன், 55 ஓம். குரலும் வயலினும் அதில் அழகாக இருக்கும், ஆழமான பேஸை எதிர்பார்க்க வேண்டாம். தைவானின் சூப்பர்லக்ஸ் எச்டி 681 விலைக்கு மீறிய தெளிவு கொண்டது, ஆனால் மேல் ஒலி கூர்மையாகக் குத்தும். நாகஸ்வரம் நிறையக் கேட்கிறவர்களுக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன். முழு ஓப்பன்-பேக் வேண்டும் என்றால் பிலிப்ஸ் எஸ்ஹெச்பி9500 காது அடங்க வசதியாக உட்காரும், 32 ஓம்தான்.

புளூடூத்தில் சோனி டபிள்யூஹெச்-சிஹெச்720என் 192 கிராம்தான், ஏஎன்சி உண்டு, வயர் செருகியும் கேட்கலாம். அதே சோனியின் சிஹெச்520 ஆன்-இயர் வகை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

ஏழாம் படி: உங்கள் பாட்டோடு கடைக்குப் போங்கள்

ஸ்டுடியோ வகை ஹெட்ஃபோன்களைப் போட்டுக் கேட்க, செல்போன் கடைகளைவிட இசைக்கருவி விற்கும் கடைகளில் வாய்ப்பு அதிகம். சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் "டெமோ பீஸ் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு ஹெட்ஃபோனை நன்றாகக் காட்டத் தேர்ந்தெடுத்தது. நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டை உங்கள் போனிலேயே கொண்டுபோங்கள்.

நான் இப்படிச் சோதிப்பேன். முதலில் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகள். ஒவ்வொரு மீட்டலிலும் மெல்லிய நாதங்கள் அடுக்கடுக்காக மலர்ந்து கரைய வேண்டும். வெறும் ரீங்காரமாகக் கேட்டால் நடு, மேல் ஒலிகள் அமுங்கியிருக்கின்றன. அப்புறம் ஒரு பெண் குரல். 'ஸ', 'ச' வரும் இடங்களில் காதில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் ஒரு மணி நேரம் கேட்க முடியாது. பிறகு தவிலும் நாகஸ்வரமும் சேர்ந்த பகுதி. நாகஸ்வரம் உரக்க இருக்கலாம், இரைச்சலாக இருக்கக் கூடாது. அடுத்து வயலின் கூட்டமும் பேஸ் கிட்டாரும் இருக்கும் ஒரு சினிமாப் பாட்டு. பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு சரணம் முழுக்கப் பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரிந்தால் நல்லது, எல்லாம் ஒரே 'தும் தும்' என்றால் அது வீங்கிய பேஸ். கடைசியாக, கச்சேரி முடிவில் வரும் கைதட்டல். தனித்தனிக் கைகளாகக் கேட்க வேண்டும், எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல் கேட்கக் கூடாது.

நான் முதலில் வாங்கிய ஹெட்ஃபோனின் பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கடையில் ஒரு குத்துப்பாட்டைக் கேட்டு அசந்துபோய் வாங்கி வந்தேன். வீட்டில் வீணைக் கச்சேரி போட்டபோது மிருதங்கம் எழுந்து வீணையை முழுக்க மூடிவிட்டது. கமகம் ஒன்றுகூடத் தெளிவாகக் கேட்கவில்லை. சரியான பாட்டோடு போயிருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிக்கும் ஹெட்ஃபோன்தான் நல்லது என்று காது சொல்லும், அது நம்மை ஏமாற்றும். ஒவ்வொன்றையும் குறைந்தது கால் மணி நேரம் தலையிலிருந்து எடுக்காமல் வைத்திருங்கள், அழுத்தமும் சூடும் அப்போதுதான் தெரியும்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த முதல் வாரம்

ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் யார் என்று பாருங்கள். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் பிரபல மாடல் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வையுங்கள், பில்லையும் பெட்டியையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

இடது, வலது மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒலியளவைக் குறைத்து வைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் சோதனை ஒலி ஒன்றை ஓட்டுங்கள். எங்காவது 'கிர்ர்' என்று அதிர்ந்தால் டிரைவரில் கோளாறு இருக்கலாம். சில சமயம் நம் தலைமுடி ஒன்று உள்ளே நுழைந்து வட்டில் பட்டாலும் அதே சத்தம் வரும், பஞ்சைக் கழற்றி மெதுவாக எடுத்துவிட்டால் போதும். இறுக்கம் அதிகமாக இருந்தால் தலை அகலத்துக்குப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஓரிரு இரவு மாட்டி வையுங்கள், கொஞ்சம் தளரும். பிளாஸ்டிக் பட்டையை மட்டும் அளவுக்கு மீறி விரிக்காதீர்கள்.

ஒலியில் சிறு குறை இருந்தால், கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கைகொடுக்கும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற ஆப், ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு அளந்து வைத்த திருத்தங்களைத் தருகிறது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். கூர்மையாகக் குத்தும் மேல் ஒலியை இரண்டு மூன்று டெசிபல் குறைத்தாலே சில ஹெட்ஃபோன்கள் ஆளே மாறிவிடும்.

ஒலியளவு பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற எல்லையைச் சொல்கிறது, குழந்தைகளுக்கு 75. மூன்று டெசிபல் ஏறினால் அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது. ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் நாம் கத்திப் பேசுகிறோம் என்றால் ஒலி அதிகம்.

கேட்டு முடித்ததும் பஞ்சை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, காற்றாட வையுங்கள். வியர்வையோடு பைக்குள் போட்டு மூடக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவரவும் கூடாது. ஒரு ஜோடி மாற்றுப் பஞ்சை மாடல் கடையில் இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சில வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.